எந்தக் கல்லூரி எந்த கான்ஃபரன்ஸுக்கு உரியது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் இடமாற்றக் கணக்கு

கேள்வி இது: பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா-பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் (ஏ.சி.சி.) எப்படி வந்து சேர்ந்தன? கல்லூரி ஃபுட்பாலில் (அமெரிக்க ஃபுட்பால், கால்பந்து அல்ல) யார் உண்மையில் எங்கே இருக்க வேண்டும்?

இரண்டாவது பாதிக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்குக் கரையின் பழைய பத்துக் கல்லூரிகள் (பேக்-10 கான்ஃபரன்ஸ்) பிரிந்திருக்கவே கூடாது. அவை மறுபடி சேரப்போவதில்லை என்றால், குறைந்தபட்சம் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் பிக் டென்னுக்கும், வெஸ்ட் வர்ஜீனியாவும் மேரிலாண்டும் ஏ.சி.சி.க்கும், டாலஸில் இருக்கும் எஸ்.எம்.யு. பிக் 12-க்கும் போக வேண்டும். எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. இதைவிட முக்கியம், ஃபுட்பால் எந்த கான்ஃபரன்ஸில் ஆடுகிறதோ அதே கான்ஃபரன்ஸில்தான் வாலிபாலும் டென்னிஸும் சாஃப்ட்பாலும் ஆட வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். ஏன் என்று விளங்க வேண்டுமானால் டிவி பணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி. கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடி, ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுத்து, டிவி உரிமையைச் சேர்த்து விற்று, வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. 2025 பருவத்தில் மேல்மட்டப் பிரிவில் 136 கல்லூரிகள் ஆடின. அவற்றில் பணமும் செல்வாக்கும் நான்கு கூட்டமைப்புகளிடம் குவிந்திருக்கின்றன: பிக் டென்னில் 18, எஸ்.இ.சி.யில் 16, பிக் 12-இல் 16, ஏ.சி.சி.யின் ஃபுட்பாலில் 17.

1984 வரை டிவி உரிமை முழுவதும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் கையில் இருந்தது. ஒரு கல்லூரி இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் ஆறு முறைதான் டிவியில் வரலாம் என்ற அளவுக்குக் கட்டுப்பாடு. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது. அன்றிலிருந்து எல்லோரும் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே விற்கலாம். தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை ஏறும், கூட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இன்னும் ஏறும். இன்று வரை நடந்த எல்லா இடமாற்றங்களுக்கும் வேர் அந்தத் தீர்ப்புதான். தனியாகவே விற்கும் வலிமை நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இருந்தது. 1991 முதல் அதன் சொந்த மைதான ஆட்டங்கள் என்.பி.சி. டிவியில் வருகின்றன.

அதற்கு முன்னால் எல்லாம் நிலையாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்.இ.சி.யே 1932-இல் சதர்ன் கான்ஃபரன்ஸிலிருந்து பதின்மூன்று கல்லூரிகள் பிரிந்து வந்து உருவானது. ஏ.சி.சி.யும் அதே வீட்டிலிருந்து 1953-இல் பிரிந்தது. எஸ்.இ.சி. நிறுவன உறுப்பினரான ஜார்ஜியா டெக் 1964-இல் வெளியேறியது. ஏ.சி.சி. நிறுவன உறுப்பினரான தென் கரோலினா 1971-இல் வெளியேறியது. ஆனால் அந்தக் காலத்துப் பிரிவுகளுக்குப் பிறகும் எல்லோரும் பக்கத்து மாநிலத்துக்காரர்களோடுதான் ஆடினார்கள். கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் லீக் என்பது டிவி கொண்டுவந்தது.

முதல் பெரிய அலை 1990-களில் வந்தது. பன்னிரண்டு உறுப்பினர்கள் இருந்தால் கான்ஃபரன்ஸை இரண்டாகப் பிரித்து இறுதியில் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம் நடத்தலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதி சொன்னது. எஸ்.இ.சி. ஆணையர் ராய் கிரேமர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆர்கன்சாவையும் தென் கரோலினாவையும் சேர்த்துப் பன்னிரண்டாக்கி, 1992-இல் பர்மிங்காமில் முதல் இறுதி ஆட்டத்தை நடத்தினார். அலபாமா 28-21 என்று ஃப்ளோரிடாவை வென்றது. டிக்கெட்டிலும் டிவியிலும் அந்த ஒரு சனிக்கிழமை கொண்டுவந்த பணத்தைப் பார்த்தபின் எல்லோருக்கும் பன்னிரண்டு தேவைப்பட்டது.

ஆர்கன்சா போனதோடு சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் முழுவதும் டெக்சஸ் மாநிலத்துக்குள் சுருங்கியது. ஒரே மாநிலத்து டிவி வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு விலை பேச முடியவில்லை. 1996-இல் டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பெய்லர் நான்கும் பிக் எய்ட் என்ற எட்டுக் கல்லூரி கான்ஃபரன்ஸோடு சேர்ந்து பிக் 12 ஆனது. பெய்லரும் டெக்கும் அந்த நால்வரில் இடம்பெற்றதில் அப்போதைய துணை ஆளுநர் பாப் புல்லக்கின் அழுத்தம் பெரிது. அவர் இரண்டிலும் படித்தவர். டி.சி.யு., எஸ்.எம்.யு., ரைஸ், ஹூஸ்டன் நான்கும் வெளியே தள்ளப்பட்டன. மாநில அரசியல் இந்தக் கணக்கில் நுழைவது அதோடு நிற்கவில்லை. 2003-இல் ஏ.சி.சி. விரிந்தபோது, வர்ஜீனியா ஆளுநர் மார்க் வார்னர் கொடுத்த அழுத்தத்தால் வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் ஓட்டைப் பிடித்து வைத்து, சிரக்யூஸுக்கு ஒதுக்கியிருந்த இடத்தை வர்ஜீனியா டெக்குக்கு வாங்கிக் கொடுத்தது. ஆகவே "யார் எங்கே போவார்கள்" என்று கணிக்க உட்காருபவர், அந்த மாநிலத்தில் இரண்டாவது அரசுப் பல்கலைக்கழகம் எது, அதற்குச் சட்டமன்றத்தில் யார் பேசுவார்கள் என்று பார்க்காமல் கணிக்கக் கூடாது.

2010 முதல் 2014 வரையான அலையின் தர்க்கம் வேறு. பிக் டென் 2007-இல் சொந்தமாக ஒரு கேபிள் சேனல் தொடங்கியிருந்தது. கான்ஃபரன்ஸில் ஒரு கல்லூரியாவது இருக்கும் மாநிலத்தில் அந்தச் சேனல் அடிப்படைத் தொகுப்பில் வரும், வீடு ஒன்றுக்கு மாதக் கட்டணம் பல மடங்கு கூடும். ஃபுட்பாலைப் பார்க்காத வீடும் கட்டும். இந்த ஒரு கணக்குக்காகத்தான் மேரிலாண்டும் ரட்கர்ஸும் 2014-இல் சேர்க்கப்பட்டன: ஒன்று வாஷிங்டன்-பால்டிமோர் வீடுகளுக்கு, மற்றொன்று நியூயார்க்-நியூ ஜெர்சி வீடுகளுக்கு. மேரிலாண்ட் ஏ.சி.சி.யின் நிறுவன உறுப்பினர். 2012-இல் பற்றாக்குறையால் ஏழு விளையாட்டு அணிகளையே கலைத்திருந்த அந்த நிர்வாகத்துக்குப் பிக் டென் பணம் உயிர்மூச்சு. ஏ.சி.சி. 5.2 கோடி டாலருக்கு மேல் வெளியேற்றக் கட்டணம் கேட்டது, கடைசியில் சுமார் 3.14 கோடியில் முடிந்தது. அதே காலத்தில்தான் நெப்ராஸ்கா பிக் டென்னுக்கும், கொலராடோவும் யூட்டாவும் மேற்குக் கரையின் பேக்-10-க்கும் (பன்னிரண்டு பேரானதும் அது பேக்-12 ஆனது), மிசூரியும் ஏ அண்ட் எம்மும் எஸ்.இ.சி.க்கும், வெஸ்ட் வர்ஜீனியாவும் டி.சி.யு.வும் பிக் 12-க்கும் போயின.

பிறகு மக்கள் கேபிளை வெட்டத் தொடங்கினார்கள். வீடுகளை எண்ணும் கணக்கு செத்து, பார்ப்பவர்களை எண்ணும் கணக்கு வந்தது. 2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போவதாக அறிவித்ததை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். எஸ்.இ.சி.க்கு டெக்சஸ் மாநிலம் ஏற்கெனவே ஏ அண்ட் எம் வழியாகக் கிடைத்திருந்தது. தேவைப்பட்டது அந்த இரண்டு அணிகளுக்கு நாடு முழுவதும் இருக்கும் பார்வையாளர்கள். 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போனதும் இதே காரணத்தால். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டது. நண்பகல் ஃபாக்ஸ், மூன்றரைக்கு சி.பி.எஸ்., இரவு என்.பி.சி. என்று கிழக்கு நேரத்தின் மூன்று வேளைகளும் நிரம்பின. மேற்குக் கல்லூரிகள் வந்ததும், கிழக்கே இரவு பத்தரை மணிக்குத் தொடங்கும் நான்காவது வேளையும் கிடைத்தது.

பேக்-12 ஏன் செத்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை யு.எஸ்.சி.யின் துரோகம் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். 2012-இல் தொடங்கிய பேக்-12 நெட்வொர்க்கை கான்ஃபரன்ஸ் முழுக்கத் தானே வைத்துக்கொண்டது. ஈ.எஸ்.பி.என். அல்லது ஃபாக்ஸ் போன்ற ஒளிபரப்புக் கூட்டாளி இல்லாததால், கேபிள் நிறுவனங்களை மிரட்டிச் சேர்க்க யாரும் இல்லை. டைரக்ட்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவையில் அது கடைசி வரை வரவேயில்லை. அடுத்து, அதன் முக்கிய டிவி ஒப்பந்தம், உரிமை ஒப்படைப்பு (கல்லூரிகள் தங்கள் டிவி உரிமையை கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம்) இரண்டும் 2024 கோடையில் ஒன்றாக முடிந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு போகிறவர் வெளியேற்றக் கட்டணம் என்று ஒன்றும் தர வேண்டியதில்லை. வாசல் தானாகவே திறந்துகொண்டது. மூன்றாவதாக, பிக் 12-இன் புது ஆணையர் பிரெட் யார்மார்க் 2022 அக்டோபரில் முந்திக்கொண்டார். ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டிடமும் ஆறு ஆண்டுகளுக்கு 228 கோடி டாலருக்கு ஒப்பந்தம் பேசி முடித்தார். அந்த இரண்டு நிறுவனங்களின் பையில் பேக்-12-க்கென்று இருந்த இடம் அங்கேயே நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது, சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் கூடும் ஆப்பிளின் ஒரு முன்மொழிவு. 2023 ஜூலை 27-இல் கொலராடோ பிக் 12-க்குத் திரும்பியது. ஆகஸ்ட் 4 அன்று காலை, மீதி ஒன்பது பேரும் ஆப்பிள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள் என்று எதிர்பார்த்த நேரத்தில், வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென்னுக்குப் போயின. அன்றே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, எஸ்.எம்.யு. ஏ.சி.சி.க்கு. ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் நின்றன.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கேதான். புது உறுப்பினர் வந்தால் அவர்களுக்கென்றும் ஒரு முழுப் பங்கை ஈ.எஸ்.பி.என். கான்ஃபரன்ஸுக்குத் தர வேண்டும் என்று ஏ.சி.சி.யின் ஈ.எஸ்.பி.என். ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு 30 சதவீதப் பங்குக்கும், எட்டாம் ஆண்டு 70-க்கும், ஒன்பதாம் ஆண்டு 75-க்கும் ஒத்துக்கொண்டன. எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுகளுக்கு டிவி பணமே வேண்டாம் என்றது, அதன் பணக்கார ஆதரவாளர்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். மீதிப் பணம் பழைய உறுப்பினர்களுக்கு. சேர்க்க நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும், அதாவது பதினைந்தில் பன்னிரண்டு. ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன், வட கரோலினா மூன்றும் எதிர்த்தன. முதலில் தயங்கிய என்.சி. ஸ்டேட் கடைசியில் மாறியதால் கச்சிதமாகப் பன்னிரண்டு கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் காலேஜுக்கு ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் என்பதை யாரும் கவனிக்காமல் இல்லை. ஆதரித்தவர்களுக்குப் பணமும், உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தால் ஒப்பந்தமே கைவிட்டுப் போகலாம் என்ற பயமும் தூரத்தைவிடப் பெரிதாகப் பட்டன.

உரிமை ஒப்படைப்பு என்று மேலே சொன்னது இந்த ஆட்டத்தில் மிக முக்கியமான பூட்டு. ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்த மைதான ஆட்டங்களின் டிவி உரிமையை ஒரு குறிப்பிட்ட ஆண்டு வரை கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. வீட்டைக் காலி செய்து போகலாம், பத்திரம் மட்டும் பழைய ஆளிடமே அடமானமாக இருக்கும். பத்திரம் இல்லாத கல்லூரியைப் புது கான்ஃபரன்ஸ் ஏன் எடுக்க வேண்டும்? டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2021-இல் அறிவித்தும் 2024 வரை காத்திருந்தது இதனால்தான். ஓராண்டு முன்னதாக விடுபட இருவரும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள். ஏ.சி.சி.யின் ஒப்படைப்பு 2036 வரை. அதை உடைக்க ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. டிவி பணத்தில் ஒரு பெரும்பகுதி இனி பார்வையாளர் எண்ணிக்கைப்படி பிரிக்கப்படும். வெளியேறக் கட்ட வேண்டிய தொகை 16.5 கோடி டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 2030-31-இல் 7.5 கோடியில் நிற்கும், கட்டிவிட்டால் உரிமையும் கையோடு வந்துவிடும்.

எதிர்ப்பக்கம், வெறும் வாய் வார்த்தைக்கு இங்கே மதிப்பே இல்லை. பிக் டென், ஏ.சி.சி., பேக்-12 மூன்றும் 2021 ஆகஸ்டில் ஒரு "கூட்டணி" அறிவித்தன. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. பத்தே மாதத்தில் அந்தக் கூட்டணியின் ஒரு கை மற்றொரு கையின் இரண்டு பெரிய உறுப்பினர்களை எடுத்துக்கொண்டது.

இனி யார் எங்கே என்ற பங்குக்கு வருவோம். மூன்று சோதனைகள் போதும் என்பது என் கருத்து. நவம்பர் கடைசி வாரத்தில் அந்த ஊர் யாரோடு ஆட விரும்புகிறது? புதன்கிழமை இரவு வாலிபால் ஆடிவிட்டு வியாழக்கிழமை காலை வகுப்புக்கு வர முடியுமா? ஃபுட்பால் செலவிலும் கூட்டத்திலும் சுற்றியிருப்பவர்களோடு சமமா?

மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கிய லீக் ஒன்று இருந்தது: 1978 முதல் 2010 வரையான பேக்-10. வாஷிங்டனில் இரண்டு, ஓரிகனில் இரண்டு, சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் இரண்டு, லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு, அரிசோனாவில் இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் பரம எதிரிகள், அதே சமயம் பயணத் துணைகள். கூடைப்பந்தில் ஒரு அணி வியாழக்கிழமை ஸ்டான்ஃபோர்டில் ஆடி, சனிக்கிழமை பெர்க்லியில் ஆடிவிட்டு ஊர் திரும்பும். ஒரு விமானப் பயணம், இரண்டு ஆட்டங்கள். 2006 முதல் 2010 வரை ஃபுட்பாலிலும் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஆடினார்கள், எனவே யார் சாம்பியன் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அமெரிக்க விளையாட்டில் இவ்வளவு ஒழுங்காக அமைந்த லீக் வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதைச் சிதறவிட்டது பெரும் இழப்பு, அதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்றைய பெருத்த லீக்குகளில் சாம்பியனைத் தேர்ந்தெடுப்பதே சிக்கல். பிக் டென்னில் பதினெட்டுப் பேர், ஆட்டம் ஒன்பது. ஒரு அணி மற்ற பதினேழில் எட்டுப் பேரைப் பார்ப்பதே இல்லை. 2024-இல் பென் ஸ்டேட்டும் இண்டியானாவும் 8-1 (எட்டு வெற்றி, ஒரு தோல்வி) என்று சமமாக முடித்தன, இருவரும் ஒருவரோடு ஒருவர் ஆடவில்லை. ஏ.சி.சி.யின் 2025 பருவம் இதைவிட மோசம். இரண்டாம் இடத்துக்கு டியூக், மயாமி, ஜார்ஜியா டெக், பிட்ஸ்பர்க், எஸ்.எம்.யு. ஐந்தும் 6-2. எதிராளிகளின் வெற்றி விகிதத்தைக் கணக்கிட்டு, மொத்தத்தில் 7-5 என்றிருந்த டியூக் இறுதிக்குப் போனது. அது வர்ஜீனியாவை கூடுதல் நேரத்தில் வென்று சாம்பியன் ஆகியும் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை, இறுதிக்கே வராத மயாமிக்குக் கிடைத்தது.

பேக்-10-ஐ அப்படியே மீட்க முடியாது. முடிந்ததில் சிறந்தது, ஸ்டான்ஃபோர்டையும் பெர்க்லியையும் பிக் டென்னில் சேர்த்து மேற்கில் ஆறு பேர் கொண்ட ஒரு குழு அமைப்பது. கணக்கைப் பாருங்கள். இப்போது மேற்கில் நான்கு பேர். தங்களுக்குள் எல்லோரும் ஆடினாலும் மூன்று ஆட்டம்தான், மீதி ஆறும் கிழக்கோடு, அதில் மூன்று நெடும்பயணம். ஆறு பேரானால் தங்களுக்குள் ஐந்து, கிழக்கோடு நான்கு, நெடும்பயணம் இரண்டு. கிழக்கே இருக்கும் பதினான்கு பேருக்குச் சுமை கூடாது: இரண்டு முறையிலும் கிழக்கு-மேற்கு ஆட்டம் மொத்தம் இருபத்துநான்குதான். பணம் தடையா என்றால், ஓரிகனும் வாஷிங்டனும் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலரில், ஏறத்தாழ அரைப் பங்கில் தொடங்கின. ஏ.சி.சி.யில் 30 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டவர்கள் இங்கே அதற்கும் ஒத்துக்கொள்வார்கள். யு.சி.எல்.ஏ. போனதால் பாதிக்கப்பட்ட பெர்க்லிக்கு, இரண்டுக்கும் பொதுவான நிர்வாகக் குழு ஆண்டுக்கு 1 கோடி டாலரை யு.சி.எல்.ஏ.விடமிருந்து வாங்கித் தருகிறது. இருவரும் ஒரே லீக்கில் இருந்தால் அந்த ஏற்பாட்டுக்கே வேலை இல்லை.

வெஸ்ட் வர்ஜீனியா அடுத்த பெரிய பிழை. மார்கன்டவுனிலிருந்து பிட்ஸ்பர்க் சுமார் 120 கிலோமீட்டர். ஆனால் 2012 முதல் அது டெக்சஸ் டெக்கோடும் பெய்லரோடும் லீக் ஆட்டம் ஆடுகிறது, இப்போது அரிசோனாவும் யூட்டாவும் வேறு. பிட்ஸ்பர்க், வர்ஜீனியா டெக், சிரக்யூஸ், பாஸ்டன் காலேஜ் எல்லாம் பழைய பிக் ஈஸ்டில் அதனோடு ஆடியவை, எல்லாம் இன்று ஏ.சி.சி.யில். அங்கே சேர்த்தால் மூன்று சோதனையிலும் தேறும். மேரிலாண்டுக்கும் அதே விடை, ஆனால் பிக் டென் பணத்தை விட்டு அது வராது. ரட்கர்ஸுக்குத் திரும்பிப் போக வீடே இல்லை, இருக்கும் இடத்தில் இருக்கட்டும். பென் ஸ்டேட் 1993 முதல் பிக் டென்னில் ஆடுகிறது. அது கிழக்கத்திய லீக் ஒன்றுக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டிய கல்லூரி என்பது உண்மைதான், ஆனால் ஓஹையோ ஸ்டேட்டோடு முப்பது ஆண்டுப் பகை இப்போது சொந்தமாகிவிட்டது.

எஸ்.இ.சி. சரி என்று ஏன் சொன்னேன்? பதினாறு கல்லூரிகள், பன்னிரண்டு மாநிலங்கள், எல்லாம் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. டெக்சஸ் வந்ததும் ஏ அண்ட் எம்மோடு 2011-இல் நின்றுபோன ஆட்டம் 2024-இல் திரும்பியது, ஆர்கன்சாவுக்குப் பழைய சவுத்வெஸ்ட் உறவுகள் இரண்டும் ஒரே வீட்டில் கிடைத்தன. டெக்சஸ்-ஓக்லஹோமா அக்டோபரில் டாலஸ் காட்டன் பவுலில் ஆடுவது அப்படியே தொடர்கிறது. தனியாக நின்ற மிசூரிக்கும் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். இழப்பு ஒன்றே ஒன்று, பெரிது: ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆடும் பெட்லம். 2023 நவம்பரில் ஸ்டேட் 27-24 என்று வென்றதோடு நின்றுவிட்டது.

இது தவிர்க்க முடியாத இழப்பா? இல்லை. கிளெம்சன்-தென் கரோலினா, ஜார்ஜியா-ஜார்ஜியா டெக், ஃப்ளோரிடா-ஃப்ளோரிடா ஸ்டேட், கென்டக்கி-லூயிவில் நான்கும் எஸ்.இ.சி.-ஏ.சி.சி. எல்லையைத் தாண்டி நவம்பர் கடைசி வாரத்தில் ஆடப்படுபவை. தென் கரோலினா ஏ.சி.சி.யை விட்டு அரை நூற்றாண்டு ஆனபின்னும் அந்த ஆட்டம் நிற்கவில்லை, கோவிட் வந்த 2020-ஐத் தவிர. கன்சாஸ்-மிசூரி 2025-இல் மறுபடி தொடங்கியது. கான்ஃபரன்ஸ் வேறானாலும் அட்டவணையில் குறைந்தது மூன்று காலி இடம் இருக்கிறது, அதில் ஒன்றை நிரந்தரமாக எழுதிக் கொடுக்க மனம் வேண்டும். எஸ்.இ.சி. 2026 முதல் ஒன்பது லீக் ஆட்டங்களுக்குப் போவதால் அந்தக் காலி இடம் இன்னும் சுருங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டாலஸ்-ஃபோர்ட் வொர்த் என்ற ஒரே நகர்ப்புறத்துக்குள் ஆடும் எஸ்.எம்.யு.-டி.சி.யு. தொடரே 2025-ஓடு நிறுத்தப்பட்டிருக்கிறது. டி.சி.யு., பெய்லர், டெக், ஹூஸ்டன் நான்கும் இருக்கும் பிக் 12-க்கு எஸ்.எம்.யு. போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

பிக் 12-க்கு நன்றாக அமைந்ததும் உண்டு. யூட்டாவும் பி.ஒய்.யு.வும் சுமார் 70 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தும் 2011 முதல் வெவ்வேறு வீட்டில் இருந்தன, 2024 முதல் ஒன்றாக இருக்கின்றன. கொலராடோவும் கன்சாஸ் கல்லூரிகளும் மறுபடி சந்திக்கின்றன. நெப்ராஸ்காவும் வரலாற்றால் இங்கேதான், ஆனால் அயோவாவும் மினசோட்டாவும் விஸ்கான்சினும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அதை அசைக்க வேண்டியதில்லை. நோட்டர் டேம் தனியாகவே இருக்கட்டும். ஆண்டுக்குச் சராசரி ஐந்து ஏ.சி.சி. அணிகளோடு ஆடும் ஏற்பாடு இரு தரப்புக்கும் லாபம்.

ஃபுட்பால் வருடத்துக்குப் பன்னிரண்டு சனிக்கிழமை, தனி விமானம், பெரும்பாலும் ஒரு நாள் இரவுத் தங்கல். அதற்குக் கண்டம் தாண்டுவது தாங்கும். சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுபவை, வாலிபால் வாரத்துக்கு இரண்டு. அந்த மாணவர்கள் சாதாரண விமானத்தில் இணைப்பு மாறிப் போகிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள். இவற்றைப் பிரித்து வைக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு உதாரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. நோட்டர் டேமின் ஃபுட்பால் தனி, ஐஸ் ஹாக்கி பிக் டென்னில், மற்றவை ஏ.சி.சி.யில். கனெக்டிகட்டின் ஃபுட்பால் 2020 முதல் தனி, கூடைப்பந்து பிக் ஈஸ்டில். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லக்ரோஸுக்கு மட்டும் பிக் டென் உறுப்பினர்.

தடை எங்கே என்றால், பெரிய கான்ஃபரன்ஸ்களின் சொந்த விதியில். தான் நடத்தும் விளையாட்டு எல்லாவற்றையும் உறுப்பினர் தன்னிடமே ஆட வேண்டும் என்று அவை கேட்கின்றன. ஆண்கள் கூடைப்பந்தை அவை விடாது, அதில் தேசியப் போட்டியில் வெல்லும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பணம் வருகிறது. பெண்கள் கூடைப்பந்துக்கும் 2025 முதல் வரத் தொடங்கியிருக்கிறது. அந்த இரண்டையும் ஃபுட்பாலோடு வைத்துக்கொண்டு மற்றவற்றை வட்டார லீக்குகளுக்கு விடுவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. 2025-26 முதல் ஒரு கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம் என்று நீதிமன்றச் சமரசம் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தைத் தேடும் நிர்வாகத்துக்கு, வருமானம் இல்லாத இருபது அணிகளின் விமானச் செலவு முதலில் கண்ணில் படும். அணியைக் கலைப்பதற்குப் பதில் பயணத்தைக் குறைப்பது நல்லது.

தனித்து நின்ற ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மேல்மட்டக் கூட்டமைப்புக்குக் குறைந்தது எட்டு ஃபுட்பால் உறுப்பினர் வேண்டும். பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் ஆறும் சேர்ந்து 2026-க்கு எட்டு. டெக்சஸ் ஸ்டேட் தவிர மற்ற எல்லாம் வரைபடத்தில் பொருந்துகின்றன. பழைய பெயரில் நடக்கும் இந்தப் புது லீக் நியாயமான லீக். மெம்ஃபிஸும் டுலேனும் மறுத்தது அவர்களுக்கும் நல்லது.

அடுத்த அலை எப்போது என்றால், ஒப்பந்தங்கள் முடியும் ஆண்டுகளைப் பாருங்கள். பிக் டென் 2029-30 பருவத்தோடு. பிக் 12 2030-31-ஓடு. ஏ.சி.சி.யின் வெளியேற்றக் கட்டணம் தரை தட்டுவதும் அதே 2030-31-இல். ப்ளேஆஃப் ஒப்பந்தம் 2031-32 வரை. எஸ்.இ.சி.க்கு இன்னும் இரண்டு ஆண்டு அதிகம். அந்த நேரத்தில் எல்லோரும் ஃப்ளோரிடா ஸ்டேட்டையும் கிளெம்சனையும் பற்றிப் பேசுவார்கள். ஆனால் எஸ்.இ.சி.க்கு ஃப்ளோரிடாவும் தென் கரோலினாவும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, இருவரின் ஆட்டங்களுக்கும் ஈ.எஸ்.பி.என். இப்போதே ஏ.சி.சி. விலைதான் கொடுக்கிறது, கூட்டிக் கொடுக்க அவசரம் இல்லை. ஏ.சி.சி.யில் இருப்பவற்றில், பிக் டென், எஸ்.இ.சி. இரண்டும் கால் வைக்காத மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்கள் வட கரோலினாவும் வர்ஜீனியாவும்தான். அந்த இரண்டில் ஒன்று எந்தப் பக்கம் சாய்கிறது, அதோடு என்.சி. ஸ்டேட்டுக்கோ வர்ஜீனியா டெக்குக்கோ இடம் கேட்டு அந்தந்த மாநிலச் சட்டமன்றம் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களின் நகர்வு அதற்குப் பிறகுதான்.